ஆளே இல்லாம பேரு போடுறது

எலக்‌ஷன் வந்தா போதும், நம்ம மலையகத்துல ஹட்டன், தலவாக்கலை பக்கத்து பேஸ்புக் குரூப்ல எல்லாம் புதுசு புதுசா ஆளுங்க கமெண்ட் போடுவாங்க, எந்த தோட்டம்னு கேட்டா பதிலே வராது. அது பெரும்பாலும் உள்ளூர் ஃபேக் ஐடி, விடுங்க. சில அரசாங்கமும் அதுக்கு வேண்டியவங்களும் சம்பளம் குடுத்து ஆபீஸ் போட்டே இத ஓட்டுறாங்க, அதுதான் இங்க விஷயம்.

தோட்டத்துல வேலைக்கு வந்தவங்க பேர எழுதுற செக்ரோல்ல ஆளே இல்லாம பேரு போடுவாங்கல்ல, அதேதான். ஒருத்தன் கையில ஏகப்பட்ட அக்கவுண்ட், ப்ரொபைலுக்கு ஏஐ செஞ்ச முகம். மொதல்ல அரசியலே பேசமாட்டான், மீம்ஸ், குட்மோர்னிங்னு போட்டு ஆள் சேப்பான். அப்புறம் ஒரு ஐடி போட்டதுக்கு மத்த ஐடி எல்லாம் லைக் போடும், அட இது நல்லா ஓடுதேன்னு, யாருக்கு எத காட்டணும்னு முடிவு பண்ற பேஸ்புக்கோட அல்கோரிதமும் அத நெஜ ஆளுங்களுக்கு தள்ளிவிடும். அதுக்கு மேல ஷேர் பண்றது பூரா நாமதான்.

2016 மே மாசம் அமெரிக்காவுல ஹூஸ்டன்ல ஒரு இஸ்லாமிய நிலையத்துக்கு முன்னால ரெண்டு கூட்டம் எதிரும் புதிருமா நின்னு கத்துனாங்க. ஒரு கூட்டத்த கூப்பிட்டது 'ஹார்ட் ஒஃப் டெக்ஸாஸ்'ங்கற பேஜ், மத்தத 'யுனைடெட் முஸ்லிம்ஸ் ஒஃப் அமெரிக்கா'. ரெண்டையும் நடத்துனது ரஷ்யாவுல சென் பீட்டர்ஸ்பேர்க்ல இருந்த ஒரே கம்பெனி! விளம்பரச் செலவு 200 டொலர் கிட்டத்தான். புதுசா ஒரு சண்டைய உண்டாக்கல, இருந்த சண்டைக்கு நேரமும் எடமும் குறிச்சுக் குடுத்தான், அவ்வளவுதான். (நம்ம நாட்டுல 2018 மார்ச்ல முஸ்லிம் ஆளுங்களுக்கு எதிரா நடந்த திகன கலவரம் வெளிநாட்டான் வேல இல்ல, ஆனா பேஸ்புக்ல வெறுப்பு எவ்வளவு வேகமா ஓடும்னு கண்டி பக்கத்து ஆளுங்களுக்கு சொல்லவே வேணாம்.)

புடிக்கிறது எப்பிடி? என்ன எழுதுறான்னு பாத்து புடிக்கிறது கஷ்டம், பொய் சொல்றவன் எல்லாம் ஃபேக் இல்லியே, அதனால எப்பிடி நடந்துக்கிறான்னு பாக்குறாங்க. 2023 ஓகஸ்ட்ல பேஸ்புக்க நடத்துற மெட்டா கம்பெனி சீனாவோட சம்பந்தப்பட்ட 7,704 பேஸ்புக் அக்கவுண்ட தூக்குச்சு. வேற வேற ஆளு மாதிரி இருந்தாலும் போஸ்ட் வந்ததெல்லாம் பீஜிங் நேரத்துக்கு ஷிப்ட் கணக்குல, பகல் சாப்பாட்டுக்கு ஒரு பிரேக், ராச்சாப்பாட்டுக்கு ஒரு பிரேக்! ஒரே பதிவு வேற வேற பேர்ல எழுத்து மாறாம வேற. அவங்க பேஜுங்களுக்கு 5,60,000 ஃபொலோவர்ஸ் கிட்ட இருந்தாங்களாம், அதுவும் பெரும்பாலும் காசுக்கு வாங்குனதா இருக்கும்னு மெட்டாவே சொல்லுது, கமெண்ட் போட்டதுலயும் நெறைய அவங்க ஐடியேதான்.