பெரிய ஓட்டல் கம்பெனியோடு ஒப்பந்தம் போடும் முன்

திருநெல்வேலி வண்ணார்பேட்டையிலோ பைபாஸ் ஓரத்திலோ இடம் வைத்திருப்பவர்கள் இப்போது அடிக்கடி கேட்கிறார்கள்: "ஆடிட்டர் சார், லாட்ஜா கட்டாம அந்தப் பெரிய கம்பெனி பேர்ல ஓட்டலாவே கட்டிருவமா?" கங்கைகொண்டான் சிப்காட்டுக்கு வரும் பொறியாளர்கள், வந்தே பாரத்தில் இறங்குகிறவர்கள், முகூர்த்த நாளில் கல்யாண வீட்டார் என்று ஆள் வரத்து இருக்கிறது. ஆசையில் தப்பில்லை. ஒப்பந்தத்தைப் படிக்காமல் கையெழுத்துப் போடுவதுதான் வம்பு.

1903-ல் மும்பையில் தாஜ் திறந்தபோது கட்டடமும் முதலும் டாடாவுடையவை. 2004-ல் குர்கானில் முதல் ஓட்டலைத் திறந்த லெமன் ட்ரீயும் ஆரம்பத்தில் சொந்தப் பணத்தைப் போட்டே வளர்ந்தது. 1994-ல் தொடங்கிய சரோவருக்கோ அடுத்தவர் கட்டிய ஓட்டலை நடத்திக் கொடுப்பதே முக்கியத் தொழில். இன்று பெரிய கம்பெனிகள் பெரும்பாலும் அந்த வழிக்கே வந்துவிட்டன. அதனால் 'மேலும் இத்தனை அறைகள்' என்று செய்தி வந்தால், அதில் பெரும்பங்கு நம்மைப் போன்ற உள்ளூர்க்காரர்களின் நிலம், நம் வங்கிக் கடன். ஊழியர் சம்பளமும் பொதுவாக நம் தலையில்தான். அவர்கள் பெயரையும் மேனேஜரையும் முன்பதிவு வசதியையும் தந்து கட்டணம் வாங்குகிறார்கள். இதில் ஏமாற்று எதுவும் இல்லை.

கட்டணம் இரண்டு வகை. ஒன்று மொத்த வருமானத்தில் பங்கு, பெரும்பாலும் 2 அல்லது 3 சதவீதம். இன்னொன்று 'செயல்பாட்டு லாப'த்தில் பங்கு. கவனிக்க வேண்டியது இதைத்தான். கடன் வட்டி, கட்டட வரி, தேய்மானம் எதையும் கழிக்காத லாபம் அது. ஒரு பேச்சுக்கு, 50 அறை ஓட்டல், ஆண்டு வருமானம் 4 கோடி, செயல்பாட்டு லாபம் 1.2 கோடி என்று வைப்போம். 15 கோடி கடனுக்கு 10 சதவீத வட்டியே 1.5 கோடி. நமக்கு நஷ்டம், அவர்களுக்கு லாபப் பங்கு உண்டு! வங்கித் தவணை போன பிறகுதான் அந்தப் பங்கு என்று எழுதித் தரச் சொல்லிப் பேசிப் பாருங்கள்.

அப்புறம் ஜிஎஸ்டி. 2025 செப்டம்பர் 22 முதல் நாளுக்கு 7,500 ரூபாய் வரையுள்ள அறைக்கு 5 சதவீதம்தான். ஆனால் உள்ளீட்டு வரியை, அதாவது நாம் வாங்கும் பொருளுக்கும் சேவைக்கும் கட்டிய வரியை, திரும்ப எடுக்க முடியாது. அவர்கள் கட்டணத்துக்கு நாம் கட்டும் 18 சதவீதம் அப்படியே செலவாகிவிடும். பழைய 12 சதவீதத்தில் போட்ட திட்ட அறிக்கையை யாராவது நீட்டினால் திருப்பிக் கொடுத்துவிடுங்கள்.

ஒப்பந்தக் காலம் 10, 15, 20 ஆண்டு என்று போகும். இடையில் விலகினால் இழப்பீடு. 'இலக்கை எட்டாவிட்டால் கம்பெனியை நீக்கலாம்' என்றும் ஒரு பிரிவு இருக்கும். அந்த இலக்கு எந்த பட்ஜெட்டை வைத்து? பெரும்பாலும் அவர்களே தயாரிக்கும் பட்ஜெட். அதில் மார்கழியைப் பாருங்கள். முகூர்த்தம் இல்லாத மாதம் என்பது குர்கானில் இருப்பவருக்கு எப்படித் தெரியும்? குற்றாலச் சாரல் கூட்டமும் அதிகம் தென்காசிப் பக்கமே தங்கிவிடும். கம்பெனி தன்னுடைய இன்னொரு பிராண்டைப் பாளையங்கோட்டையில் திறக்கலாமா என்பதையும் கேட்டு எழுதி வாங்குங்கள்.

ஏற்கெனவே லாட்ஜ் நடத்திப் பழகிய அண்ணாச்சிகளுக்கு நான் சொல்வது வேறு: பெயரையும் முன்பதிவு வசதியையும் மட்டும் வாங்கும் ஃபிரான்சைஸ் கிடைக்குமா என்று முதலில் விசாரியுங்கள். நிர்வாகம் உங்கள் கையிலேயே இருக்கும்.