முப்பது வருடம் ஆறாத புகை

"முப்பது வருடம் பீப்பாயில் கிடந்த ஸ்காட்ச்சில் புகை வாசனை மட்டும் எப்படிப் போகாமல் இருக்கிறது?" என்று ஒரு வாசகர் கேட்டிருக்கிறார். அவர் சொல்வது போர்ட் எலன் விஸ்கியை. ஸ்காட்லாந்தின் ஐலா தீவில் 1825-இல் தொடங்கிய ஆலை அது. விஸ்கி விற்காமல் தேங்கிய காலத்தில், 1983-இல் இழுத்து மூடிவிட்டார்கள். அன்று பெரும்பாலும் கலப்பு விஸ்கிக்கு ஊற்றிய சரக்குக்குத்தான் இன்று ஒரு பாட்டில் லட்சங்களில் போகிறது. அந்த விலை கிடைக்காத பொருளுக்கான விலை. வயது ஏறினாலே ருசி ஏறும் என்பது சுத்த மூடநம்பிக்கை; அளவு மீறிக் கிடந்தால் மரக்கசப்புதான் மிஞ்சும்.

சரி, புகைக்கு வருவோம். முளைகட்டிய பார்லியை ஈரம் காயுமுன் பீட் எரியும் புகையில் காட்டுவார்கள். பீட் என்பது சதுப்பில் பாதி மக்கிய செடிகொடி. அதிலுள்ள லிக்னின் என்ற மரச்சத்து கருகும்போது, புகை வாசனை தரும் பீனால், கிரசால், குவாயகால் எல்லாம் கிளம்பி உமியில் ஒட்டிக்கொள்ளும். 1865-இல் கிளாஸ்கோவில் ஜோசப் லிஸ்டர் காயத்துக்குப் போட்ட கார்பாலிக் அமிலமும் இதே பீனால்தான். ஐலா விஸ்கியில் ஆஸ்பத்திரி வாடை அடிப்பது அதனால்தான்.

பீப்பாயிலிருந்து ஆண்டுக்குச் சுமார் 2 சதவீதம் ஆவியாகிறது. போவது பெரும்பாலும் ஆல்கஹாலும் தண்ணீரும். குவாயகாலின் கொதிநிலை சுமார் 205 டிகிரி. அது அத்தனை சுலபமாக நகராது. புகை கொஞ்சம் சாந்தமாகும், காணாமல் போகாது.

எனக்குப் பிடித்த இடம் இனிமேல்தான். இருக்கும் புகை மூக்குக்கு எட்ட வேண்டுமே? குவாயகாலுக்குத் தண்ணீரைவிட ஆல்கஹாலின் சகவாசம்தான் பிடிக்கும். ஆல்கஹால் 59 சதவீதத்துக்கு மேல் இருந்தால், திரவம் முழுக்க ஆல்கஹால் மூலக்கூறுகள் அதைச் சூழ்ந்து உள்ளேயே வைத்துக்கொள்ளும். தண்ணீர் விட்டு 45 சதவீதம் வரை இறக்கினால் கதை மாறுகிறது. தண்ணீர் மூலக்கூறுகள் ஹைட்ரஜன் பிணைப்பால் தங்களுக்குள் இறுக்கமாகக் கைகோத்து, ஆல்கஹாலை மேற்பரப்புக்குத் தள்ளும். ஒட்டிக்கொண்டே குவாயகாலும் மேலே வந்துவிடும். அங்கிருந்து காற்றுக்கு ஓரடிதான். தண்ணீர் கலக்காமல் பீப்பாய் வீரியத்திலேயே அடைத்த போர்ட் எலனில் பல, இந்த இரண்டு அளவுகளுக்கும் இடைப்பட்டவை. நாலு சொட்டுத் தண்ணீருக்கு அத்தனை பலன் இருப்பது இதனால்தான்.

ஸ்வீடனின் லின்னேயஸ் பல்கலைக்கழகத்தில் கார்ல்சன், ஃப்ரீட்மன் இருவரும் 2017-இல் இதைக் கணினியில் உருவகப்படுத்திக் காட்டினார்கள். நம் ஊரில் இதற்கு நிதி கேட்டுப் போயிருந்தால் சிரித்தே அனுப்பியிருப்பார்கள். கரைந்தது உள்ளே நிற்குமா, மேலே வருமா என்ற இதே கேள்வி ஆல்கஹாலில் கரைத்த எந்த மருந்துக்கும் வரும் என்று சொன்னாலும் எடுபட்டிருக்காது.

போர்ட் எலன் 2024 மார்ச்சில் மறுபடி திறந்தது. பழைய வடிகலன்களை அச்சு அசலாகச் செய்து வைத்திருக்கிறார்கள். ஆனாலும் ஓக் பீப்பாயில் மூன்று ஆண்டு கிடக்காததை ஸ்காட்ச் என்று விற்கச் சட்டத்தில் இடமில்லை.