கையைக் குறை சொல்வதற்கு முன் தாளை அளந்து பாருங்கள்: டீ பேக் மடிப்புக் கலை

மணிக்கட்டு முறிந்து மாவுக்கட்டுப் பிரித்தவர்கள், பக்கவாதத்துக்குப் பிறகு விரல் அசைவு திரும்பிக்கொண்டிருப்பவர்கள், வயதாக ஆக விரல் இறுகிப்போனவர்கள் எனப் பலரும் என்னிடம் ஆக்குபேஷனல் தெரபிக்கு, அதாவது அன்றாட வேலைகளுக்குக் கையைத் திரும்பப் பழக்கும் சிகிச்சைக்கு வருகிறார்கள். ரப்பர் பந்தை அமுக்கச் சொன்னால் சீக்கிரமே சலித்துவிடுகிறது. அப்படிச் சலித்துப்போனவர்களிடம் நான் எடுத்துவைப்பது டீ பேக் மடிப்பு. பெயரைக் கேட்டதும் சக்கையைக் கொட்டிக் காயவைத்த வடிதாளைத்தான் மடிக்க வேண்டுமோ என்று முகம் சுளிப்பார்கள். அதைத் தொடவே வேண்டாம். பையைச் சுற்றி வரும் படம் அச்சிட்ட காகித உறைதான் நமக்குத் தேவை.

1992இல் நெதர்லாந்தைச் சேர்ந்த டைனி வான் டெர் ப்ளாஸ் என்ற பெண்மணி தொடங்கிவைத்தது இது. பிறந்தநாள் வாழ்த்து அட்டை ஒன்று செய்ய நினைத்தவருக்குக் கையில் கிடைத்தது டீ பேக் உறை. அதைச் சதுரமாக வெட்டி, மடித்து, வட்டமாக அடுக்க ஒரு பூ வந்தது. அந்த ஊர் உறைகள் மெல்லிய காகிதம். ஒவ்வொன்றிலும் ஒரே இடத்தில் ஒரே படம். நம் கடைகளில் கிடைக்கும் உறைகள் பலவற்றில் உள்ளே பிளாஸ்டிக் பூச்சு இருக்கும். அவற்றில் மடிப்பு நிற்காது, கையை எடுத்ததும் விரிந்துகொள்ளும். அதனால் சிறிய கோலம் போன்ற படத்தை வரிசையாக 80 ஜிஎஸ்எம் தாளில், அதாவது சாதாரண பிரிண்டர் தாளில், அச்சிட்டுக்கொள்வது நல்லது. ஐந்து சென்டிமீட்டர் சதுரமாக வெட்டினால் ஒரு ஏ4 தாளில் 20 துண்டு. ஒரு பூவுக்கு எட்டு. இரண்டு பூ போக நான்கு மிஞ்சும், அவற்றில் பழகிக்கொள்ளலாம். கிட் எதுவும் இப்போது வாங்காதீர்கள்.

முதல் மடிப்பாகப் பட்டம் மடிப்பையே எடுத்துக்கொள்ளுங்கள். படம் கீழே இருக்கும்படி வைத்து, மூலைக்கு மூலை ஒரு மடிப்பு போட்டுப் பிரியுங்கள். அந்த மடிப்பின் ஒரு முனையில் சேரும் இரண்டு ஓரங்களையும் நடுக்கோட்டுக்குக் கொண்டுவந்து அழுத்துங்கள். அவ்வளவுதான், பட்டம் தயார். சதுரத்தின் மூலை 90 டிகிரி, மடித்தபின் கூர்முனை 45. எட்டுப் பட்டங்களின் கூர்முனைகளையும் நடுவில் சேர்த்தால் 360 டிகிரி, வட்டம் இடைவெளி இல்லாமல் மூடிக்கொள்ளும்.

மூடவில்லை என்றால்? இங்கேதான் பெரும்பாலோர் விட்டுவிடுகிறார்கள். ஓய்வுபெற்ற ஆசிரியை ஒருவர் எட்டாவது பட்டத்தை வைத்தபோது ஒரு பக்கம் சந்து விழுந்தது. “கை முன்ன மாதிரி இல்லம்மா, இதெல்லாம் இனி எனக்கு வராது” என்று தாளைத் தள்ளிவிட்டார். ஜியாமெட்ரி பாக்ஸிலிருந்து மூலைமட்டத்தை எடுத்து, மடிக்காமல் மிஞ்சியிருந்த துண்டுகளின் மேல் வைத்தேன். கத்தரிக்கோலால் வெட்டிய துண்டுகள். ஒன்றின் மூலையும் மட்டத்தோடு ஒட்டவில்லை. மூலை இரண்டு டிகிரி குறைந்தால் கூர்முனை ஒரு டிகிரி குறையும். எட்டும் சேரும்போது எட்டு டிகிரி சந்து. அவர் மடிப்பில் குறையே இல்லை. கட்டர் கத்தியும் இரும்பு ஸ்கேலும் வைத்து ஒற்றைத் தாளாக வெட்டினால் இந்தத் தொல்லை பாதிக்கு மேல் போய்விடும். அடியில் பழைய காலண்டர் அட்டை போதும்.

இன்னொரு இடறல் படத்தின் திசை. நான்கு மூலைகளில் எதைக் கூர்முனையாக்குகிறோம் என்பதைப் பொறுத்து ஒரே தாளில் வேறு வேறு பூ வரும். இந்தக் கலையின் சுவையே அதுதான் என்பேன். ஆனால் எட்டிலும் அதே மூலையாக இருக்க வேண்டும். தாளைத் திருப்பிவிட்டால் படம் தெரியாது என்பதால், மடிக்கும் முன்பே எட்டின் பின்புறமும் அந்த மூலையில் பென்சிலால் ஒரு புள்ளி வைத்துவிடுங்கள். ஓரங்களை நடுக்கோட்டில் மோத விடாமல் ஒரு மயிரிழை விட்டு மடித்தால் நடுவில் புடைக்காது. ஒட்டுவதற்குக் குளூ ஸ்டிக் பொருத்தம். வெள்ளைப் பசையின் ஈரத்தில் மெல்லிய தாள் சுருங்கிவிடும்.

இனி என் தொழில் சார்ந்த விஷயம். கட்டைவிரல் நகத்தால் அழுத்தி அழுத்தி மடிப்பைத் தீட்டாதீர்கள். விரல் நுனியில் கொடுக்கும் அழுத்தம் கட்டைவிரலின் அடிமூட்டில் பல மடங்காக இறங்குகிறது. அந்த மூட்டில் தேய்மானம் உள்ளவர்களுக்கு ஒரு பூ முடிவதற்குள் வலி தெரியும். ஸ்பூனின் முதுகால் ஒரு தேய்ப்புப் போதும். சோபாவில் சாய்ந்து டிவி பார்த்தபடி மடிப்பதும் வேண்டாம். முழங்கை இரண்டும் மேஜையில் ஊன்றியிருக்கட்டும். நாற்பது தாண்டியவர்கள் படிக்கும் கண்ணாடி போட்டுக்கொள்ளுங்கள். கழுத்து வலி என்று சொல்பவர்களில் பலர் கண் தெரியாமல்தான் குனிகிறார்கள்.

இருபது நிமிடத்துக்கு ஒருமுறை எழுந்து கையை உதறுங்கள். அடுத்த நாளும் வலி மிச்சமிருந்தால் நேரத்தைக் குறையுங்கள். இரவில் விரல் மரத்துப்போகிறது என்றால் மடிப்பை நிறுத்திவிட்டு டாக்டரைப் பாருங்கள். சர்க்கரை நோயாலோ நரம்புப் பாதிப்பாலோ விரலில் உணர்ச்சி குறைந்தவர்கள் கத்தியைத் தொடவே கூடாது. வெட்டுவதை வீட்டில் வேறு யாராவது செய்யட்டும். விரல் இறுக்கம் உள்ளவர்கள் ஏழு சென்டிமீட்டர் சதுரத்தில் தொடங்கலாம். பூ கிட்டத்தட்ட 20 சென்டிமீட்டர் அகலத்துக்கு வரும், சுவரில் ஒட்டிக்கொள்ளலாம். பக்கவாதத்தில் பலவீனப்பட்ட கையைச் சும்மா மடியில் போட்டு வைக்காமல் தாளின் மேல் வைத்து அழுத்திப் பிடிக்கும் வேலையை அதற்குக் கொடுங்கள். அடியில் வழுக்காத ரப்பர் விரிப்பு இருந்தால் தாள் நகராது.

வாழ்த்து அட்டைக்குப் பூ வேண்டும் என்றால் மூன்றரை சென்டிமீட்டர் சதுரத்துக்கு இறங்க வேண்டும். அதில் வரும் பூ பத்து சென்டிமீட்டருக்குச் சற்றுக் குறைவு. ஏ6 அட்டையில் அடங்கிவிடும். சின்னதும் பெரியதுமாகப் பூவின் மேல் பூ அடுக்குவது ருசி கண்டவர்களை விடாது. தபாலில் அனுப்புவதாக இருந்தால் மட்டும் இரண்டு அடுக்கோடு நிறுத்துங்கள். முத்திரை குத்துகிறபோது மேல் பூ நசுங்கிவிடும்.