கவுன்ட்டோடு 1 கூட்டினால் 51 வருவது ஏன்?

போஸ்ட்கிரெஸ் டேட்டாபேஸில், வரிகளை எண்ணும் கவுன்ட் குவெரியை நோட்.ஜேஎஸ்ஸிலிருந்து (ஜாவாஸ்கிரிப்டை சர்வரில் ஓட்டும் தளம்) ஓட்டி, வந்த 5-உடன் 1 கூட்டிப் பாருங்கள். 6 வராது, 51 வரும். நிரலையும் டேட்டாபேஸையும் இணைக்கும் டிரைவர் அந்த 5-ஐ ஸ்ட்ரிங்காக, அதாவது எழுத்துத் தொடராகத் தருகிறது. வேண்டுமென்றேதான் தருகிறது.

கவுன்ட்டின் வகை பிக்இன்ட், 64 பிட். ஜாவாஸ்கிரிப்டின் சாதாரண எண் 9007199254740991 வரைதான் முழு எண்களைப் பிசகாமல் வைத்திருக்கும். 9007199254740993 என்ற ஐடியை எண்ணாக்கினால் கடைசி இலக்கம் 2 ஆகிவிடும். எர்ரர் வராது, வேறு யாருடைய ரெக்கார்டோ திறக்கும்.

டேட்டாபேஸ் ஒவ்வொரு காலத்துக்கும் (column, அட்டவணையின் நெடுவரிசை) ஒரு வகை எண்ணையும் சேர்த்தே அனுப்புகிறது. பிக்இன்ட்டுக்கு 20, டேட்டுக்கு 1082, துல்லியமான தசம எண்களுக்கான நியூமெரிக்குக்கு 1700. டிரைவர் அந்த எண்ணைப் பார்த்து மதிப்பை உரிய வகைக்கு மாற்றும் பார்ஸரைக் கூப்பிடுகிறது. இங்கேதான் பலர் 20-க்கு, ஸ்ட்ரிங்கைச் சாதாரண எண்ணாக்கும் பார்ஸ்இன்ட்டைப் பூட்டிவிடுகிறார்கள். கவுன்ட் சரியாகும். ஆனால் அந்த மாற்றம் ஐடி உட்பட எல்லா பிக்இன்ட் காலங்களுக்கும் பொருந்தும். கவுன்ட்டை மட்டும் குவெரியிலேயே இன்ட்டாக காஸ்ட் செய்து, ஐடியை ஸ்ட்ரிங்காகவே விடுவதுதான் நல்லது. ஜாவாஸ்கிரிப்டின் பிக்இன்ட்டுக்கு மாற்றலாம்தான். ஜேசனாக்கும்போது அது டைப்எர்ரர் எறியும்.

நியூமெரிக்கும் ஸ்ட்ரிங்காகவே வரும். பணத்தொகையை ஃப்ளோட்டாக்க (தோராயமான தசம எண்) வேண்டாம், டெசிமல் லைப்ரரியில் போடுங்கள். பைதானின் போஸ்ட்கிரெஸ் டிரைவரான சைகோபிஜி நேராக டெசிமலே தருகிறது. அதை ஃப்ளோட்டோடு கூட்டினால் பைதானே தடுத்துவிடும்.

தேதி இன்னும் நைச்சியமாக ஏமாற்றும். இதே நோட் டிரைவர் டேட் காலத்தை, சர்வர் ஓடும் நேர மண்டலத்தின் நள்ளிரவு 12 மணியாக எடுத்துக்கொள்கிறது. யூடிசிக்கு (உலகப் பொது நேரம்) முந்தி ஓடும் மண்டலத்தில் அதை ஐஎஸ்ஓ வடிவில் எழுதினால் முந்தைய நாள் வரும். யூடிசியில் ஓடும் கன்டெய்னரில் சோதித்தவருக்கு இது தெரியவே தெரியாது. 1082-க்கு, வந்த ஸ்ட்ரிங்கை அப்படியே திருப்பித் தரும் பார்ஸர் போதும். டைம்ஸ்டாம்ப்பில் மைக்ரோ செகண்டும் மில்லி செகண்டாக வெட்டுப்படும். கடைசி நேரத்தை வைத்து அடுத்த பக்கம் எடுப்பவர்களுக்கு ஒரே வரி இரண்டுமுறை வருவது இதனால்தான்.

நல் (null, மதிப்பே இல்லாத இடம்) விஷயத்தில் ஜாவாவின் டேட்டாபேஸ் இணைப்பான ஜேடிபிசி மோசம். கெட்இன்ட் நல்லுக்கும் 0 தரும். உடனே வாஸ்நல் கேட்டால்தான் உண்மை தெரியும். கெட்ஆப்ஜெக்ட்டில் இன்டிஜர் வகையைச் சொல்லிக் கேட்டால் நல் நல்லாகவே வரும். கோ மொழியில் சாதாரண இன்ட்டுக்குள் நல்லை ஸ்கேன் செய்தால் எர்ரர் வரும். அதுவே மேல்.

டிரைவரின் பதிப்பை மாற்றும்போதெல்லாம் 9007199254740993, 0.10, நல், மாதத்தின் முதல் தேதி, மைக்ரோ செகண்டோடு ஒரு நேரம் ஆகிய ஐந்தையும் எழுதி, திரும்ப வாசித்து ஒப்பிடுங்கள். சோதனையை யூடிசியிலும் வேறொரு நேர மண்டலத்திலும் ஓட்டுங்கள்.