பேனைப் பெருமாளாக்காதீர்கள்

போன வாரம் மறுபடியும் ஒரு குழந்தை. எட்டு வயது. பின்கழுத்திலும் காதுக்குப் பின்னாலும் தோல் வெந்து, நீர் கோத்து, உரிய ஆரம்பித்திருந்தது. என்ன போட்டீர்கள் என்று கேட்டால் அம்மா தலையைக் குனிந்துகொண்டார். பாட்டிதான் சொன்னார்: "நாய்க்கு உண்ணி மருந்து இருந்துச்சு டாக்டர். அதைத் தடவி, துணியைக் கட்டி ராத்திரி முழுக்க விட்டுட்டோம்." அதற்கு முந்தைய வாரம் மண்ணெண்ணெய். அதற்கும் முன்னால் கடையில் வாங்கிய பேன் மருந்து, ஒரே ஒரு தடவை.

புண்ணைத் துடைப்பதற்காக முடியை விலக்கினேன். எள்ளில் பாதி அளவுகூட இல்லாத ஒரு பேன் குஞ்சு மண்டையோரமாக ஊர்ந்து போயிற்று. தோல்தான் போனது. பேன் போகவில்லை.

மூட்டைப்பூச்சிக்குப் பயந்து வீட்டைக் கொளுத்துவது என்றால் இதுதான். தலைப்பேன் அரிப்பைக் கொடுக்கும், தூக்கத்தைக் கெடுக்கும், சொறிந்து சொறிந்து புண்ணாகலாம். அவ்வளவே. அது எந்த நோயையும் பரப்புவதில்லை. டைபஸ் காய்ச்சலைப் பரப்புவது உடல்பேன். 1909இல் சார்லஸ் நிக்கோல் அதைக் கண்டுபிடித்தார், 1928இல் நோபல் பரிசும் வாங்கினார். ஆனால் அது துணிமடிப்பில் வாழ்கிற வேறு வகை. உங்கள் பிள்ளையின் தலையில் இருப்பது அதுவல்ல. ஆகவே இன்று ராத்திரிக்குள் ஒழித்தே தீரவேண்டும் என்ற அவசரம் யாருக்கும் வேண்டாம். பூச்சிமருந்து, கால்நடைக்கும் நாய்க்கும் போடுகிற மருந்து, மண்ணெண்ணெய், பெட்ரோல் எதுவும் குழந்தையின் தலைக்குப் போகக்கூடாது. மண்ணெண்ணெய் தடவிய தலை அடுப்படிக்குப் போனால் என்ன ஆகும் என்று நான் விளக்க வேண்டியதில்லை. பயிருக்கு அடிக்கிற மருந்து தோல் வழியாகவே உடம்புக்குள் இறங்கும். வாந்தி, எச்சில் ஒழுகுதல், கொட்டுகிற வியர்வை, மூச்சுத்திணறல் என்று வந்தால் அது விஷம் ஏறியதற்கு அடையாளம். தலையைச் சோப்புப் போட்டு அலசி, உடையை மாற்றி, மருந்து பாட்டிலையும் எடுத்துக்கொண்டு ஆஸ்பத்திரிக்கு ஓடுங்கள்.

சரி, நல்ல பேன் மருந்து வாங்கிப் போட்டும் ஏன் போகவில்லை? என்னிடம் வருகிற பெற்றோரில் பெரும்பாலோர் சொல்லும் பதில், "மருந்துக்கு வீரியம் போதலை." எனக்கு எரிச்சல் வருகிற இடமும் இதுதான். மருந்துக்குச் சக்தி இருக்கிறது, உங்களுக்குக் காலண்டர் பார்க்கிற பழக்கம்தான் இல்லை!

கணக்கைப் பாருங்கள். கடையில் பரவலாகக் கிடைப்பது 1 சதவீத பெர்மெத்ரின். அது ஊர்கிற பேனைக் கொல்லும், ஈரை முழுதாகக் கொல்லாது. ஓட்டுக்குள் பத்திரமாக இருக்கிற ஈர் 7 முதல் 9 நாளில் பொரியும். முதல் தடவை போட்டதும் பெரிய பேனெல்லாம் செத்து உதிரும், வீட்டில் எல்லோருக்கும் நிம்மதி. ஒரு வாரத்தில் மிச்சமிருந்த ஈர் பொரிந்து குஞ்சுகள் கிளம்பும். அந்தக் குஞ்சு வளர்ந்து தானே ஈர் வைக்க மேலும் ஒரு வாரத்துக்கு மேல் ஆகும். வளர்ந்துவிட்டால் ஒரு பெண் பேன் தினமும் ஏழெட்டு ஈர் வைக்கும். ஆகப் பொரிந்து முடிந்த பின், வளர்ந்து முட்டையிடுவதற்கு முன், நடுவில் சில நாள் இடைவெளி கிடைக்கிறது. அந்த இடைவெளியில் விழ வேண்டியதுதான் இரண்டாவது தடவை மருந்து. ஞாயிற்றுக்கிழமை போட்டீர்களா? அடுத்த ஞாயிறு கழிந்து வரும் செவ்வாய்க்கிழமை மறுபடி போடுங்கள். ஒன்பதாம் நாள். அன்று தலையில் ஒன்றுமே தெரியாவிட்டாலும் போட வேண்டும். ஒன்றும் தெரியவில்லை என்று விட்டுவிட்டு, மூன்றாம் வாரம் தலை நிறைய பேனோடு வந்து "இந்த மருந்து வேஸ்ட் டாக்டர்" என்கிறார்கள். அதற்கப்புறம்தான் நாய் மருந்து. ராத்திரி முழுக்க ஊறவைத்தால் இன்னும் நன்றாக வேலை செய்யும் என்ற நினைப்பும் இதே ரகம். பத்து நிமிடம் என்று எழுதியிருந்தால் பத்து நிமிடம்தான்.

போடுகிற விதத்திலும் கோட்டை விடுகிறோம். தலையைச் சாதா ஷாம்புவால் அலசி, கண்டிஷனர் போடாமல், துண்டால் துவட்டிவிட்டு, வேர் வரைக்கும் படும்படி தேய்க்க வேண்டும். சொட்டச் சொட்ட ஈரத்தோடு போட்டால் மருந்து நீர்த்துப்போகும். கழுவிய பிறகு ஓரிரு நாள் தலைக்குக் குளிக்க வேண்டாம். எட்டுப் பன்னிரண்டு மணி நேரம் கழித்துத் தலையைப் பாருங்கள். பேன் தள்ளாடித் தள்ளாடி நகர்ந்தால் மருந்து வேலை செய்கிறது, சீப்பால் எடுத்துப் போடுங்கள். ஒன்றுமே நடக்காதது போலச் சுறுசுறுப்பாக ஓடினால், அந்த மருந்துக்கு அந்தப் பேன் பழகிப்போயிருக்கலாம். அப்படியும் உண்டு, மறுக்கவில்லை. அதற்கு மேல் ஐவர்மெக்டின், டைமெதிகோன் என்று வேறு மருந்துகள் இருக்கின்றன. எது, எவ்வளவு என்பதை டாக்டர் முடிவு செய்யட்டும். ஐவர்மெக்டின் மாத்திரை 15 கிலோவுக்குக் குறைந்த குழந்தைக்குக் கூடாது. பக்கத்து வீட்டுப் பிள்ளைக்கு எழுதிக்கொடுத்த சீட்டு உங்கள் பிள்ளைக்கு ஆகாது.

இரண்டு தடவை ஒழுங்காகப் போட்டும் வெள்ளை வெள்ளையாகத் தெரிகிறதே என்று கவலைப்படுபவர்கள், அது எங்கே ஒட்டியிருக்கிறது என்று பாருங்கள். உயிருள்ள ஈர் லேசான பழுப்பு நிறம், பெரும்பாலும் வேரிலிருந்து கால் அங்குலத்துக்குள். முடி மாதத்துக்குச் சுமார் ஒரு சென்டிமீட்டர் வளர்கிறது. எனவே வேரைவிட்டுத் தள்ளி, வெள்ளையாக இருப்பது காலி ஓடு. அதற்கு மருந்து வேண்டாம், சீப்பு போதும். நகத்தால் இழுத்ததும் வழுக்கிக்கொண்டு வந்துவிட்டால் அது ஈரே அல்ல, பொடுகு. பேன் செத்த பிறகும் சில நாள் அரிக்கும். அரிக்கிறதே என்று மூன்றாம் முறை, நான்காம் முறை மருந்தைக் கொட்டித் தோலைக் கெடுக்காதீர்கள்.

பேன் சீப்பை யாரும் மதிப்பதில்லை. இன்றைய இஸ்ரேலில் இருக்கும் லாகீசு என்ற பழைய கானானிய நகரத்தில் கிடைத்த தந்தச் சீப்புக்குச் சுமார் 3,700 வயது. தலையிலும் தாடியிலும் இருக்கும் பேனை இது ஒழிக்கட்டும் என்று அதன் மேல் பொறித்திருக்கிறார்கள். மருந்து வேண்டாம் என்றாலும், சின்னக் குழந்தை என்றாலும் இதே வழிதான். ஈரத் தலையில் கண்டிஷனரைத் தாராளமாகப் பூசி, சிக்கெடுத்து, சிறு சிறு பகுதியாகப் பிரித்து, வேரிலிருந்து நுனி வரை வாருங்கள். ஒவ்வொரு இழுப்புக்கும் சீப்பை வெள்ளைத் துணியில் துடைத்துப் பாருங்கள். காதுக்குப் பின்னாலும் பிடரியிலும்தான் கூட்டம் அதிகம். மூன்று நான்கு நாளுக்கு ஒரு தடவை, குறைந்தது இரண்டு வாரம். கடைசி இரண்டு மூன்று தடவை ஒன்றுமே வராத வரைக்கும் நிறுத்தாதீர்கள். பொறுமை வேண்டும், ஒத்துக்கொள்கிறேன்.

குழந்தை தலையை மட்டும் பார்த்துவிட்டு நிறுத்துவது அடுத்த தப்பு. வீட்டில் எல்லோர் தலையையும் அதே நாளில் பாருங்கள். "எனக்கு அரிக்கவே இல்லையே" என்பார் அப்பா. முதல் தடவை பேன் பிடித்தவருக்கு அரிப்புத் தொடங்க நான்கு முதல் ஆறு வாரம் ஆகலாம். அரிக்காத தலைதான் திருப்பிக் கொடுக்கிற தலை. பேன் இருப்பவர்கள் எல்லோரும், அவர்களோடு ஒரே படுக்கையில் படுப்பவர்களும் ஒரே நாளில் மருந்து போட வேண்டும்.

பேன் தாவாது, பறக்காது. தலையோடு தலை ஒட்டும்போது ஊர்ந்து போகும். சுத்தம், அழுக்கு, ஏழை, பணக்காரர் என்று பார்த்து ஏறுவதில்லை. தினம் தலைக்குக் குளித்தாலும் தண்ணீருக்கடியில் முடியைக் கெட்டியாகப் பிடித்துக்கொண்டு மணிக்கணக்கில் கிடக்கும். எனவே யார் வீட்டிலிருந்து வந்தது என்ற விசாரணை வேண்டாம். ஆனால் கூட விளையாடிய பிள்ளைகளின் அம்மாக்களிடம் மறைக்காமல் சொல்லிவிடுங்கள். வெட்கப்பட்டு மறைப்பதால்தான் ஒரே பேன் நான்கு வீட்டைச் சுற்றி உங்களிடமே திரும்பி வருகிறது.

வீட்டையும் தலைகீழாகப் புரட்ட வேண்டாம். தலையை விட்டு இறங்கிய பேன் ஓரிரு நாளில் செத்துவிடும். கடைசி இரண்டு நாள் பயன்படுத்திய தலையணை உறை, துண்டு, தொப்பியைச் சூடான தண்ணீரில் துவைத்தால் போதும். சீப்புகளை 54 டிகிரிக்குக் குறையாத சூட்டில் ஐந்து பத்து நிமிடம் ஊறவையுங்கள். துவைக்க முடியாத பொம்மையை இரண்டு வாரம் பையில் கட்டி வைக்கலாம். மெத்தையில் பூச்சிக்கொல்லி அடிக்காதீர்கள். நாயையும் பூனையையும் விட்டுவிடுங்கள், அவற்றுக்கு இதில் பங்கே இல்லை.

ஆசிரியர்களுக்கு ஒரு வேண்டுகோள். எல்லோர் முன்னாலும் தலையைப் பிரித்துப் பார்த்து, பையோடு வீட்டுக்கு அனுப்பாதீர்கள். பேனுக்காகப் பள்ளியிலிருந்து பிள்ளையை நிறுத்தி வைக்கக்கூடாது என்றுதான் அமெரிக்கக் குழந்தை மருத்துவர்கள் சங்கமும் சொல்கிறது. சாயங்காலம் பெற்றோரிடம் தனியாகச் சொன்னால் போதும். அவமானம் தாங்காமல் பெண் குழந்தைக்கு மொட்டையடித்துக் கூட்டி வருகிறவர்களைப் பார்க்கும்போது எனக்குக் கோபத்தைவிட வருத்தம்தான் வருகிறது.

நீண்ட முடியைப் பின்னிக் கட்டிவிடுங்கள். வாரம் ஒரு முறை, நல்ல வெளிச்சத்தில், சீப்போடு உட்காருங்கள். சீழ் வைத்தால், கழுத்தில் நெறி கட்டினால், காய்ச்சல் வந்தால், கண்ணிமை முடியில் ஏதாவது ஒட்டியிருந்தால், அல்லது இரண்டு மாதத்துக்கு உட்பட்ட கைக்குழந்தை என்றால் கடையில் மருந்து கேட்காமல் நேராக டாக்டரிடம் வாருங்கள்.