காண்டைல்: தாடை முண்டு

காதுத் துளைக்குச் சற்று முன்னால் விரல்நுனியை வைத்துக்கொண்டு வாயைத் திறந்து மூடுங்கள். உள்ளே உருண்டையாக ஏதோ புரள்வதும், வாயை அகலத் திறக்கும்போது அது முன்பக்கம் வழுக்கிப் போவதும் விரலில் தட்டுப்படும். கீழ்த்தாடை எலும்பின் மேல்முனை அது. பல் மருத்துவர்கள் ‘காண்டைல்’ என்பார்கள்.

கிரேக்கத்தில் ‘கொண்டுலோஸ்’ என்பது விரல் முட்டி. கையை மடக்கினால் புடைத்து நிற்குமே, அது. லத்தீன் வழியாக உடற்கூற்றியலுக்குள் வந்து, மற்றோர் எலும்போடு பொருந்தும் உருண்ட முனைகளுக்குப் பெயராயிற்று. தொடையெலும்பின் கீழ்முனையில் இரண்டு, மண்டையோட்டின் அடியில் இரண்டு உண்டு.

தமிழில் எனக்கு உகந்தது ‘முண்டு’. ‘முண்டும் முடிச்சுமாக’ என்று மரத்தைச் சொல்கிறோமே, அதே புடைப்புதான். வேட்டியோடு குழம்பாதா என்றால், ‘தாடை முண்டு’ என்ற பிறகு யாருக்கும் துணி நினைவுக்கு வராது. ‘தலை’ என்று பெயரிட்டால் தொடையெலும்பில் சிக்கல்: அதன் தலை மேலே இடுப்பில், முண்டுகள் கீழே முழங்காலில். முண்டுக்கு மேலே இருக்கும் புடைப்பான ‘எபிகாண்டைல்’ வந்தாலும் ‘மேல்முண்டு’ என்று சொல்லிவிடலாம்.

கடைவாய்ப் பல்லுக்காக ஓ.பி.ஜி. எடுத்தாலும் இரு மேல்மூலைகளில் இந்த முண்டுகள் விழுந்துவிடும். முகத்தைச் சுற்றிவந்து இரு தாடைகளையும் ஒரே படமாக விரித்துக் காட்டும் எக்ஸ்ரே அது. ‘முழுவாய்ப் படம்’ எனலாம். 20ஆம் நூற்றாண்டின் நடுவில் இதை வளர்த்தெடுத்தவர் ஃபின்லாந்தின் பாட்டேரோ. வேறு காரணத்துக்காக எடுத்து வைத்த படங்களே முண்டைப் பற்றிய ஆய்வுக்கும் கிடைத்துவிடுவது பெரிய வசதி.

அந்தப் படங்களில் முண்டின் வடிவத்தை முட்டை, பறவை அலகு, வைரம், வளைந்த விரல் என்று நான்காகப் பிரிப்பது வழக்கம். பல ஆய்வுகளில் முட்டை வடிவமே அதிகம். (வேடிக்கை என்னவென்றால், காகத்தைக் குறிக்கும் கிரேக்கச் சொல்லோடு தொடர்புள்ள ‘கொரோனாய்டு’ என்ற பெயர் கீழ்த்தாடையில் முண்டுக்கு முன்னால் இருக்கும் பக்கத்து முனைக்குப் போயிருக்கிறது, அலகு வடிவம் முண்டுக்கு வந்திருக்கிறது.) ஒரே ஆளுக்கு இடமும் வலமும் வேறாக இருப்பதுண்டு. வயதும் பல் இழப்பும்கூட முண்டை மாற்றும்.

ஆண், பெண் வேறுபாடு வடிவத்தைவிட அளவில்தான் தெளிவு. சராசரியாக ஆண்களின் முண்டு பெரிது, அதைத் தாங்கும் தாடைக்கிளையும் (தாடையின் பின்புறம் மேல்நோக்கி எழும் பகுதி) உயரம். வடிவத்திலோ முடிவுகள் ஆய்வுக்கு ஆய்வு மாறுகின்றன. இரு பாலாரின் அளவுகளும் ஒன்றோடொன்று மேற்படிவதால், முண்டு ஒன்றை மட்டும் பார்த்து ஆணா பெண்ணா என்று தீர்ப்புச் சொல்ல முடியாது.

ஓ.பி.ஜி. உருவத்தைப் பெரிதாக்கியும் காட்டும். தலை சற்றுச் சாய்ந்தாலே வடிவம் பிசகும். முண்டின் குறுக்கு அகலம், அதாவது உள்பக்கத்திலிருந்து வெளிப்பக்கம் வரையுள்ள நீண்ட அளவு, அதில் பிடிபடாது. அதற்கு முப்பரிமாணத்தில் காட்டும் கூம்புக்கற்றை சி.டி. வேண்டும்.