மோட்டார் பெட்டிக்குள் இருக்கும் சிம் யார் பெயரில் இருக்கிறது?

கிணற்று மோட்டாரைக் கைப்பேசியிலேயே போட்டு நிறுத்தும் ‘மொபைல் ஸ்டார்ட்டர்’ கருவிக்குத் தமிழக வேளாண்மைப் பொறியியல் துறை மானியம் தருகிறது. சிறு, குறு, பெண், ஆதிதிராவிடர், பழங்குடி விவசாயிகளுக்கு விலையில் பாதி, அதிகபட்சம் 7,000 ரூபாய். மற்றவர்களுக்கு 40 சதவீதம், அதிகபட்சம் 5,000 ரூபாய். என்னென்ன காகிதம் வேண்டும் என்பதை அலுவலகத்தில் சொல்லிவிடுவார்கள். பெட்டிக்குள் போகும் சிம்மைப் பற்றி யாரும் வாய் திறப்பதில்லை. விவசாயி அலைவதோ பெரும்பாலும் அதனால்தான்.

என் பெரியப்பாவின் மொபைல் ஸ்டார்ட்டருக்கு விற்ற கடைக்காரரே சிம் போட்டுக் கொடுத்தார். ஐப்பசி, கார்த்திகை மழையில் மோட்டாருக்கு வேலையில்லை. பொங்கல் கழித்து அழைத்தால், எண் உபயோகத்தில் இல்லை என்றது குரல். ஆதார் அட்டையோடு சேவை மையத்துக்குப் போனார். அங்கிருந்த பெண் கணினியைப் பார்த்துவிட்டு, “இந்த நம்பர் உங்கள் பெயரில் இல்லையே, ஐயா” என்றார். கடையில் முன்பு வேலை பார்த்த ஒரு பையன் பெயரில் இருந்தது. அவன் திருப்பூர் போய் ஒரு வருடமாகிறது. மூன்று முறை பஸ் ஏறிய பிறகு புது சிம் வாங்கினார். ஸ்டார்ட்டரில் எண்களைத் திரும்பப் பதிய கடைக்காரர் தனியாகப் பணம் கேட்டார். அதுவரை மும்முனை மின்சாரம் வரும் நடுராத்திரியில், 68 வயதில், டார்ச் விளக்கோடு வரப்பில் நடந்துதான் வாழைக்குத் தண்ணீர் விட்டார்.

இதைத் தவிர்க்க, உங்கள் பெட்டியில் எந்த வகை சிம் என்று முதலில் தெரிய வேண்டும். ஒன்று, நாம் கைப்பேசியில் போடுவது போன்ற சாதாரண பத்து இலக்க சிம். இன்னொன்று, இயந்திரங்களுக்கென்றே தரப்படும் எம்-டு-எம் சிம். 2018 ஜூலை முதல் இதற்குப் பதின்மூன்று இலக்க எண் கொடுக்கச் சொன்னது தொலைத்தொடர்புத் துறை. நம் எல்லோருடைய எண்ணும் பதின்மூன்று இலக்கமாகப் போகிறது என்று அப்போது கிளம்பிய வதந்தி இதைத் தவறாகப் புரிந்துகொண்டதுதான். சில கருவிகளில் சிம் தனி அட்டையாக இல்லாமல் பலகையோடு பற்றவைக்கப்பட்ட இ-சிம்மாக இருக்கும். வெயிலையும் அதிர்வையும் அது நன்றாகத் தாங்கும். ஆனால் கழற்றி மாற்ற முடியாது.

சாதாரண சிம் என்றால் உங்கள் பெயரில், உங்கள் ஆதாரைக் கொடுத்து, நீங்களே வாங்குங்கள். கடைக்காரர் போட்டுத் தருகிறேன் என்றால் மறுத்துவிடுங்கள். அடுத்து, கருவி 2ஜி-யா, 4ஜி-யா என்று கேளுங்கள். விலை குறைந்த பல ஸ்டார்ட்டர்கள் 2ஜி-யில் மட்டுமே ஓடும். ஜியோவுக்கு 2ஜி சேவையே கிடையாது. இது தெரியாமல் சிம் வாங்கி, கருவி பழுது என்று திருப்பி அனுப்பியவர்கள் உண்டு.

தொடர்ந்து 90 நாள் எந்தப் பயன்பாடும் இல்லாத எண்ணை நிறுவனம் துண்டிக்கலாம். பெரியப்பாவுக்கு நடந்தது அதுதான். மழைக்காலத்திலும் வாரம் ஒருமுறை அந்த எண்ணை அழையுங்கள், கணக்கில் 20 ரூபாயாவது இருக்கட்டும். அழைப்பில் மட்டும் இயங்கும் ஸ்டார்ட்டருக்கு டேட்டா தேவையில்லை. அழைப்பும் எஸ்எம்எஸ்ஸும் மட்டுமுள்ள ரீசார்ஜைத் தனியாகத் தர வேண்டும் என்று தொலைத்தொடர்பு ஒழுங்குமுறை ஆணையமான டிராய் 2024 டிசம்பரில் உத்தரவிட்டிருக்கிறது. கடையில் தாமாகச் சொல்ல மாட்டார்கள், நீங்கள்தான் கேட்டு வாங்க வேண்டும்.

ஒருவர் பெயரில் ஒன்பது இணைப்புகள் வரைதான் இருக்கலாம். இந்த சிம்மும் அந்தக் கணக்கில் சேரும். பிள்ளைகளின் கைப்பேசி, கண்காணிப்பு கேமரா, ஸ்டார்ட்டர் என்று ஒரே பெயரில் வாங்கிக்கொண்டே போனால் வரம்பு தாண்டிவிடும். முதல் தடவைக்கே 50,000 ரூபாய் வரை அபராதம் விதிக்கச் சட்டத்தில் இடமிருக்கிறது. தொலைத்தொடர்புத் துறையின் சஞ்சார் சாத்தி இணையதளத்தில் உங்கள் பெயரில் எத்தனை எண்கள் என்று பார்த்து, உங்களுடையதல்லாததை அங்கேயே புகார் செய்யலாம்.

எம்-டு-எம் சிம்மில் சிக்கல் வேறு. அதைத் தெருக்கடையில் வாங்க முடியாது. கருவி நிறுவனத்தின் பெயரில்தான் இருக்கும். முன்கூட்டிப் பதிந்த எண்களுக்கும் சர்வர்களுக்கும் மட்டுமே பேசும். கழற்றிக் கைப்பேசியில் போட்டால் பயனில்லை. நீங்கள் உங்கள் கைப்பேசி எண்ணை மாற்றினால்கூட நிறுவனம்தான் பதிந்து தர வேண்டும். சந்தா முடிந்தால் நீங்களாக எங்கேயும் ரீசார்ஜ் செய்ய முடியாது. வாடகை வண்டிக்காரர்கள் மாட்டிக்கொள்வதும் இங்கேதான். 2019 ஜனவரி முதல் பதிவான வாடகைப் பயணிகள் வாகனங்களில், மூன்று சக்கர வண்டிகள் நீங்கலாக, இடங்காட்டிக் கருவி கட்டாயம் என்பது மத்திய விதி. அதற்குள் இருப்பது இ-சிம். எஃப்.சி. எனும் வண்டித் தகுதிச் சான்றுக்கு நிற்கும்போதுதான் சந்தா முடிந்தது தெரிகிறது. விற்ற ஏஜென்சியோ கடையை மூடியிருக்கும்.

ஆகவே பணம் கொடுக்குமுன் சிம்மின் வகை, அது யார் பெயரில் இருக்கிறது, சந்தா முடியும் தேதி, புதுப்பிக்கும் கட்டணம் இவற்றைப் பில்லிலேயே எழுதி வாங்குங்கள். வாய்ச்சொல்லை நம்பாதீர்கள்.

தகராறு வந்தால், சிம் உங்கள் பெயரில் இருந்தால் தொலைபேசி நிறுவனத்தின் புகார் எண்ணான 198-ஐ அழையுங்கள். எம்-டு-எம் சிம்முக்கு நீங்கள் வாடிக்கையாளரே இல்லை என்று அங்கே கைவிரிப்பார்கள். அதோடு மல்லுக்கட்டாமல், கருவியை விற்றவர்மீது 1915 நுகர்வோர் உதவி எண்ணில் பில்லோடு புகார் கொடுங்கள். இரண்டிலும் புகார் எண்ணைக் கேட்டு அந்தப் பில்லின் பின்புறத்திலேயே குறித்துக்கொள்ளுங்கள். அடுத்த முறை பேசும்போது முதலில் அதைத்தான் கேட்பார்கள்.